கைவிட்ட யோசனையை மீண்டும் கையில் எடுக்கலாமா?
(அட்டை விளையாட்டு வடிவமைப்பு கற்றுத் தரும் ஒரு பாடம்)

2005-ஆம் ஆண்டு முதலாமாண்டு மாணவனாக விடுதிக்கு வந்து சேர்ந்த வாரத்திலேயே, மூத்த மாணவர் ஒருவர் காலணிப் பெட்டி நிறைய விளையாட்டு அட்டைகளை என் கையில் திணித்தார். "எடுத்துக்கோ தம்பி. இதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க" என்றார். அவை 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டின் 'கமிகாவா' தொகுதி அட்டைகள். மாமாக் கடை மேசையில் நாங்கள் ஆடிய இரவுகளில் என் அட்டைகளைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததும் உண்டு. ஆனால் எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், அதே கமிகாவா உலகம் புதிய தொகுதியாக வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அன்று சிரித்த நண்பர்களில் இருவர் அதை வாங்கிய செய்தியை எனக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள்!

தோற்றுப்போன ஒன்று எப்படி வென்றது? தோற்றவை எல்லாம் இப்படி மீண்டும் வென்றுவிடுமா? எதை எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று வடிவமைப்பாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்குப் பேரவை இதழில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் கடைசிப் பகுதி வரை பொறுத்தருள வேண்டும்.

விளையாட்டைப் பற்றிச் சில வரிகள்

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த 'மேஜிக்' 1993-இல் வெளிவந்தது. வாங்கிச் சேர்க்கும் அட்டைகளைக் கொண்டே ஆடும் இவ்வகை விளையாட்டுகளுக்கு இதுவே முன்னோடி. பொட்டலம் பொட்டலமாக அட்டைகளை வாங்கி, வேண்டியவற்றைத் தேர்ந்து குறைந்தது 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரரும் 20 உயிர்ப்புள்ளிகளோடு ஆட்டத்தைத் தொடங்குவார். எதிராளியின் புள்ளிகளைச் சுழியமாக்குபவர் வெற்றியாளர்.

ஆண்டுதோறும் பல புதிய தொகுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் புதிய விதிகள், புதிய திறன்கள், புதிய உலகங்கள் இருந்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படிச் செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? புதிய யோசனைகளின் ஊற்று மெல்ல வற்றும். எனவே பழையவற்றைத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. மக்கள் விரும்பிய பழையவற்றைத் திரும்பக் கொண்டுவருவதில் சிக்கல் குறைவு. மக்கள் வெறுத்தவற்றை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி.

இந்த முடிவு எந்தப் பக்கம் பிழைத்தாலும் இழப்புண்டு. மோசமான யோசனையை மீண்டும் கொண்டுவந்தால் ஆட்டக்காரர்கள் காசையும் நம்பிக்கையையும் இழப்பார்கள். நல்ல யோசனையைத் தவறான காரணத்துக்காகப் புதைத்துவிட்டாலோ, அது இழப்பு என்பதுகூட யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

புயல் அளவுகோல்

2003 இறுதி முதல் மேஜிக்கின் தலைமை வடிவமைப்பாளராக இருந்து வருபவர் மார்க் ரோஸ்வாட்டர். ஒரு பழைய திறன் மீண்டும் வழக்கமான தொகுதிகளுக்கு வருமா என்று ரசிகர்கள் ஓயாமல் கேட்டதால், அவர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். 1 என்றால் நிச்சயம் வரும். 10 என்றால் அதிசயம் நிகழ்ந்தால்தான் வரும். 2003-இல் 'ஸ்கர்ஜ்' தொகுதியில் வந்த 'ஸ்டார்ம்' என்ற திறனின் பெயரால் இது 'புயல் அளவுகோல்' எனப்படுகிறது. திரும்பி வரவே கூடாத திறனுக்கு அதுவே எடுத்துக்காட்டு.

இதே போல, ஒரு கதை உலகத்துக்குத் திரும்பிச் செல்லும் வாய்ப்பை அளக்க 'ரபையா அளவுகோல்' என்ற ஒன்றையும் அவர் வைத்திருக்கிறார்.

ஒரு திறனுக்கு மதிப்பெண் போடும்போது அவர் ஐந்து கூறுகளைப் பார்க்கிறார். அவற்றை நம் மொழியில் ஐந்து கேள்விகளாக இப்படிச் சொல்லலாம்:

1. மக்கள் இதை எவ்வளவு விரும்பினார்கள்?
2. இதைக் கொண்டு இன்னும் எத்தனை புதிய அட்டைகள் செய்ய முடியும்?
3. மற்ற தொகுதிகளோடும் திறன்களோடும் இது ஒத்துப்போகுமா?
4. இதன் வலிமையைச் சமன்செய்ய முடியுமா?
5. மேசையில் ஆடும்போது குழப்பமில்லாமல் ஆட முடிகிறதா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மக்கள் விருப்பம் ஐந்தில் ஒரு கேள்வி மட்டுமே. 'பிடிக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் மற்ற நான்கு காரணங்களில் ஏதேனும் ஒன்று ஒளிந்திருக்கலாம். அதைத் தோண்டி எடுப்பதே வடிவமைப்பாளரின் முதல் வேலை.

யோசனை தோற்றதா, செய்த விதம் தோற்றதா?

இதற்கு மிகச் சிறந்த சான்று 'குரோமா'. 2008-இல் 'ஈவென்டைட்' தொகுதியில் வந்தது. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் அதன் விலை வண்ணக் குறிகளால் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் குறிகளை எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்ப விளைவைத் தருவதே குரோமா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அட்டை களத்தில் உள்ள குறிகளை எண்ணச் சொன்னது. இன்னொன்று கழிவுக் குவியலில் எண்ணச் சொன்னது. எதற்காக எண்ணுகிறோம் என்பதற்குக் கதைக் காரணமும் இல்லை. மக்கள் கண்டுகொள்ளவே இல்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2013-இல் கிரேக்கத் தொன்மங்களை அடிப்படையாகக் கொண்ட 'தீரோஸ்' தொகுதி வந்தது. அதில் 'டிவோஷன்' என்ற திறன் இருந்தது. நாம் 'பக்தி' எனலாம். நம் பக்கம் களத்தில் இருக்கும் அட்டைகளின் வண்ணக் குறிகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான். குறிப்பிட்ட வண்ணத்தில் பக்தி ஐந்தை எட்டினால், அந்த வண்ணத்துக்குரிய தெய்வம் உருவெடுத்துப் போருக்கு வரும்!

இது பழைய குரோமாவேதான். ஆனால் மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. எண்ணும் இடம் ஒன்றானது. எண்ணுவதற்குக் கதையில் பொருள் கிடைத்தது. யாருக்கும் எதையும் உணர்த்தாத பெயர் போய், கேட்டவுடன் புரியும் பெயர் வந்தது. விளைவு என்ன? அந்த ஆண்டு டப்ளினில் நடந்த புரோ டூர் போட்டியில் வென்ற கட்டே நீல வண்ணப் பக்திக் கட்டுதான். 2020-இல் தீரோஸ் உலகத்துக்குத் திரும்பியபோது பக்தியும் உடன் வந்தது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் ஒருவன். குரோமா தோற்றவுடன் 'வண்ணக் குறிகளை எண்ணுவதே வேண்டாம்' என்று முடிவு கட்டியிருந்தால் அதுவும் அந்தக் கதைதான்.

போக்கிமான் அட்டைகளிலும் இதைக் காணலாம். 2014-இல் வந்த 'மெகா' அட்டைகளில் ஒரு விதி இருந்தது. உங்கள் போக்கிமான் மெகா வடிவம் எடுத்த கணமே உங்கள் முறை முடிந்துவிடும். ஆசையாக வளர்த்தவுடன் கையைக் கட்டி உட்கார வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? பின்னர் அந்த விதியைத் தவிர்ப்பதற்கென்றே தனி அட்டைகளை அச்சிட்டார்கள். 2025-இல் மெகா மீண்டும் வந்தபோது அந்த விதி நீக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதில், மெகா வீழ்த்தப்பட்டால் எதிராளி மூன்று பரிசு அட்டைகளை எடுத்துக்கொள்வார். ஆட்டத்தில் இருப்பதே ஆறு பரிசுகள் என்பதால் இது பெரிய விலைதான். ஆனாலும் எரிச்சலூட்டும் விலையிலிருந்து பரபரப்பூட்டும் விலைக்கு மாறியிருக்கிறது.

நஞ்சின் கதை

சில யோசனைகளைச் சரிசெய்ய ஒரு முயற்சி போதாது. மேஜிக்கில் உயிர்ப்புள்ளிகளைக் குறைக்காமலே வெல்ல ஒரு வழி உண்டு: எதிராளிக்குப் பத்து நஞ்சுப் புள்ளிகள் ஏற்றிவிட்டால் வெற்றி. 1994-இல் 'லெஜண்ட்ஸ்' தொகுதியில் இது அறிமுகமானது. அன்றைய நஞ்சு அட்டைகள் மிகவும் வலுவற்றவை. அவற்றால் யாரும் வெல்லவில்லை. தொண்ணூறுகளின் இறுதிக்குள் நஞ்சு காணாமற்போனது.

ரோஸ்வாட்டருக்கு நஞ்சின்மீது தனிப் பற்று உண்டு. பல ஆண்டுகள் முயன்ற பின், 2007-இல் 'ஃபியூச்சர் சைட்' தொகுதியில் ஓரிரு அட்டைகளாக அது எட்டிப் பார்த்தது. 2010-இல் 'ஸ்கார்ஸ் ஆஃப் மிரடின்' தொகுதியில் 'இன்ஃபெக்ட்' என்ற பெயரில் முழுமையாகத் திரும்பியது. இன்ஃபெக்ட் உயிரி ஆட்டக்காரரைத் தாக்கினால் உயிர்ப்புள்ளி குறையாது. தாக்கும் அளவுக்கு நஞ்சு ஏறும்.

இப்போது சிக்கல் வேறு பக்கம் முளைத்தது. கணக்கைப் பாருங்கள். ஓர் உயிரியின் பலத்தை 3 கூட்டும் மந்திரம் சாதாரணமாக 20-இல் 3 பங்கு வேலையைச் செய்யும். இன்ஃபெக்ட் உயிரிக்கு அதே மந்திரம் 10-இல் 3 பங்கு, அதாவது இரு மடங்கு வேலையைச் செய்யும்! ஒரே முறையில் ஆட்டத்தை முடித்துவிடும் கட்டுகள் உருவாயின. சிலர் இன்ஃபெக்டைக் கொண்டாடினார்கள். சிலர் அடியோடு வெறுத்தார்கள்.

2023 பிப்ரவரியில் 'ஃபைரெக்சியா: ஆல் வில் பி ஒன்' தொகுதியில் 'டாக்சிக்' வந்தது. இதில் ஏறும் நஞ்சின் அளவு அட்டையிலேயே எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். 'டாக்சிக் 1' என்றால், உயிரியின் பலத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒரு தாக்குதலுக்கு ஒரு நஞ்சுப் புள்ளிதான். கூடவே வழக்கம்போல் உயிர்ப்புள்ளியும் குறையும். இரு மடங்குக் கணக்கின் வேர் அறுந்தது. முதல் முறை வலிமை போதவில்லை. இரண்டாம் முறை வலிமை அளவு மீறியது. மூன்றாம் முறைதான் வலிமையைக் கட்டுப்படுத்தும் கருவி கிடைத்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்!

கமிகாவா ஏன் விழுந்தது, எப்படி எழுந்தது?

மீண்டும் என் காலணிப் பெட்டிக்கு வருவோம். 2004-05-இல் வெளிவந்த மூன்று கமிகாவா தொகுதிகளும் ஜப்பானியத் தொன்மங்களை ஆழமாகத் தழுவியவை. அவ்வளவு ஆழமாக, அந்தத் தொன்மங்களை அறியாத ஆட்டக்காரர்களுக்குப் பெயர்களும் உருவங்களும் எட்டவில்லை. அடுத்ததாக, அதன் பல திறன்கள் தம்மோடு தாமே பேசிக்கொண்டன. 'ஆர்கேன்' என்ற வகை மந்திரங்களோடு மட்டுமே ஒட்டும் திறன் ஒன்று இருந்தது. ஆர்கேன் மந்திரங்களோ கமிகாவா தொகுதிகளில்தான் இருந்தன. வேறு தொகுதி அட்டைகளோடு சேர்க்க வழியில்லை. வடிவமைப்பாளர்கள் இதை 'ஒட்டுண்ணித் தன்மை' என்பார்கள்.

சூழலும் கைகொடுக்கவில்லை. முன்னால் வந்த 'மிரடின்' அட்டைகள் மிக வலிமையானவை. 2005 மார்ச்சில் அவற்றில் பலவற்றைத் தடை செய்யவே நேர்ந்தது. பின்னால் வந்த 'ரவ்னிகா' பெரும் புகழ் பெற்றது. இரண்டுக்கும் நடுவே கமிகாவா நசுங்கியது.

கருத்தாய்வும் விற்பனையும் மோசமாக இருந்ததால், அந்த உலகத்துக்குத் திரும்புவது அரிது என்றே ரோஸ்வாட்டர் பல ஆண்டுகள் சொல்லி வந்தார். ஆனால் ஒரு சிறு கூட்டம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்குதான் வடிவமைப்பில் நுட்பமான ஒரு கருத்து வருகிறது. எல்லாருக்கும் ஓரளவு பிடித்து யாரும் காதலிக்காத ஒன்றைவிட, பலர் வெறுத்தாலும் சிலர் உயிராய் நேசிக்கும் ஒன்றுக்கே எதிர்காலம் அதிகம் என்பது ரோஸ்வாட்டர் வலியுறுத்தி வரும் பாடம். நூறு பேரில் பத்துப் பேர் விரும்பினார்கள் என்பதோடு, அந்தப் பத்துப் பேர் பல ஆண்டுகள் கழித்தும் கேட்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

2022-இல் வந்த 'கமிகாவா: நியான் டைனஸ்டி' கதையை 1,200 ஆண்டுகள் முன்னே நகர்த்தியது. பழைய தொன்மத்தோடு ஒளிவிளக்கு நகரங்களும் எந்திர மனிதர்களும் சேர்ந்தன; அசைபடங்கள் மூலம் உலகமே அறிந்த இன்றைய ஜப்பானியக் கற்பனை அது. பழைய திறன்களில் மக்கள் விரும்பிய 'நிஞ்சுட்சு' வந்தது. எந்தக் கட்டிலும் பொருந்தக்கூடிய 'சேனல்' வந்தது. ஆர்கேன் மந்திரங்களோடு மட்டுமே ஒட்டிய திறன் வரவில்லை. அதாவது உலகத்தை எடுத்துக்கொண்டு, அதை வீழ்த்திய பாரத்தை இறக்கி வைத்தார்கள்.

எதை விட்டுவிட வேண்டும்?

இதுவரை படித்தவர்கள், தோற்றவை எல்லாம் மாணிக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. சிலவற்றைப் புதைத்ததே சரி.

1993-இன் முதல் தொகுதியிலேயே 'பேண்டிங்' இருந்தது. உயிரிகள் கூட்டாகச் சேர்ந்து தாக்கும். தாங்கும் அடியை எப்படிப் பகிர்வது என்பதை எதிராளிக்குப் பதில் நாமே முடிவு செய்வோம். தாக்கும்போது ஒரு விதி, தடுக்கும்போது வேறொரு விதி. பல ஆண்டுகள் ஆடியவர்களே தடுமாறுவார்கள். 1997-க்குப் பின் வழக்கமான தொகுதிகளில் அது இடம்பெறவில்லை. ஆனால் 'ஒன்றுசேர்ந்து போரிடுதல்' என்ற உணர்வு சாகவில்லை. 2013-இல் 'பட்டாலியன்' என்ற திறன் வந்தது. குறைந்தது மூன்று உயிரிகள் சேர்ந்து தாக்கினால் கூடுதல் பலன் உண்டு. ஒரே வரியில் புரியும் விதி. உடலை விட்டுவிட்டு உயிரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி இது.

'ஸ்டார்ம்' வேறு வகை. அந்த முறையில் அதற்கு முன் எத்தனை மந்திரங்கள் விடப்பட்டனவோ, அத்தனை நகல்கள் கூடுதலாகக் கிடைக்கும். இதை நேசிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் சமன்செய்யவே முடியவில்லை. 2021 ஜூனில் ஒரு துணைத் தொகுதியில் ஸ்டார்ம் உள்ள எளிய அட்டை ஒன்று வந்தது. எளிய அட்டைகளை மட்டும் கொண்டு ஆடும் போட்டிமுறையில் மூன்றே மாதத்தில் அதைத் தடை செய்தார்கள். பிடிக்காதது வேறு, பாதுகாப்பற்றது வேறு. முன்னதைத் திருத்தலாம். பின்னதில் எது சுவையோ அதுவே நோயாகவும் இருந்தால், திருத்த இடமில்லை.

கோலாலம்பூரும் ஒரு சாட்சி

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்குண்டு. 2008 பிப்ரவரியில் மேஜிக் புரோ டூர் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜான் ஃபிங்கல் வாகை சூடினார். ஆடப்பட்டவை 'லோர்வின்', 'மார்னிங்டைட்' தொகுதிகள். களத்தில் ஒவ்வோர் உயிரியும் மற்றொன்றைப் பாதிக்கும். தேர்ந்தவர்களுக்கு அது விருந்து. ஆனால் புதியவர்களால் களத்தைப் படிக்கவே முடியவில்லை. எதிர்பார்த்த வரவேற்பும் கிடைக்கவில்லை. அதிலிருந்து கற்ற பாடத்தால், எளிதில் கிடைக்கும் அட்டைகளில் சிக்கலைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கையையே வகுத்தார்கள். 2026 ஜனவரியில் அந்த உலகம் 'லோர்வின் எக்லிப்ஸ்ட்' என்ற தொகுதியாகத் திரும்பியது. நிபுணர்கள் நிறைந்த அறையில் கைதட்டல் கேட்டால் மட்டும் போதாது. வாசலிலேயே திரும்பிப் போனவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

நம் சுவரிதழுக்கு என்ன தீர்ப்பு?

இனி, பொறுத்திருந்த நண்பர்களுக்கு. என் காலத்தில் நம் பேரவைக்குக் கையெழுத்துச் சுவரிதழ் ஒன்று இருந்தது. வாரந்தோறும் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். 2006-இல் ஆறேழு பேர்தான் எழுதினார்கள். 'மாணவர்களுக்கு ஆர்வமில்லை' என்று செயற்குழுவில் ஒரு மனதாக நிறுத்தினோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஏன் எழுதவில்லை என்று ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இவ்வாண்டுச் செயற்குழுவினர் அதை மீண்டும் தொடங்கலாமா என்று முன்னாள் மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நான் அன்றைய தோழி ஒருவரை அழைத்துப் பேசினேன். "எழுத ஆசைதான். ஆனா என் கட்டுரையில ஒற்றுப்பிழையெல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டு, அப்படியே பலகையில ஒட்டினீங்களே, மறந்துட்டீங்களா?" என்றார். மறந்துதான் போயிருந்தேன். அந்தச் சிவப்பு மை என்னுடையது.

ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். விரும்பியவர்கள் சிலரே, ஆனால் இருபது ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் பேசுகிறார்கள். எழுதுவதற்குப் பொருள் தீரப் போவதில்லை. பேரவையின் மற்ற நடவடிக்கைகளோடு பொருந்தும். வாரம் ஒருமுறை என்பது தேர்வுக் காலத்தில் தாங்க முடியாத சுமை; மாதம் ஒருமுறை போதும். பிழைகளை ஒட்டுவதற்கு முன் எழுதியவரோடு தனியே அமர்ந்து திருத்தலாம். அப்படியானால் அன்று தோற்றது சுவரிதழா, சிவப்பு மையா?

முழு ஆண்டுத் திட்டமாக அறிவிக்க வேண்டாம். 2007-இல் நஞ்சு எட்டிப் பார்த்தது போல, ஓர் இதழை மட்டும் ஒட்டிப் பாருங்கள் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அதுவும் தோற்றால், இம்முறை காரணத்தை எழுதி வையுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அடுத்து வருபவர்களுக்கு அது உதவும்.

முதல் இதழுக்குக் கட்டுரை தருவதாக அந்தத் தோழி ஒப்புக்கொண்டிருக்கிறார்.